மணி ஒன்று, கயிறு இரண்டு

என் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இடது கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்வாள். ஒரு பக்கம் முடிவதற்குள் விரல்கள் மெல்ல மேலே ஏறி இடது கண்ணை மூடிவிடும். "நிமிர்ந்து உட்காரு, கையை எடு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. படிக்கப் பிடிக்காமல் சாய்கிறாள் என்றுதான் நினைத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே தன் கண்ணுக்குக் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அந்தக் கை என்பது எனக்குப் புரிய ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் முதல் நாலைந்து வரி நன்றாகப் போகும். அப்புறம் படித்த வரியையே திரும்பப் படிப்பாள், இல்லையென்றால் ஒரு வரியைத் தாண்டிவிடுவாள், சின்னச் சின்னச் சொற்களை விழுங்கிவிடுவாள். கால் மணி நேரத்தில் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவாள், அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். கூட்டல் கணக்கில் பத்தாம் இடத்து எண் நூறாம் இடத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கும். ஆனால் அதே பாடத்தை நானோ என் மனைவியோ சத்தமாகப் படித்துக் காட்டினால் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வரும், நாங்கள் கவனிக்காததைக்கூடச் சொல்வாள். இந்த வித்தியாசத்தை முதலில் பிடித்தது என் மனைவிதான். "காதால கேட்டா புரியுது, கண்ணால படிச்சா புரியலன்னா அது புத்தியில இல்லைங்க" என்றாள். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொள்ளாததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. கண்ணை ஏற்கெனவே இரண்டு முறை பரிசோதித்திருந்தோம், ஒன்று பள்ளியில், இன்னொன்று ஒரு கண் மருத்துவமனையில். இரண்டு இடத்திலும் 6/6, கண்ணாடி வேண்டாம், ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்த 6/6-க்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. 6 மீட்டர் தூரத்தில் ஒரு நல்ல கண் படிக்கக்கூடிய எழுத்தை இந்தக் கண்ணும் படிக்கிறது, அவ்வளவுதான். அதையும் ஒரு கண்ணை மூடிவிட்டுத் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். புத்தகம் இருப்பதோ முகத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், அதைப் பார்ப்பது இரண்டு கண்ணும் சேர்ந்து. அந்த வேலையை யாரும் சோதிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் ராத்திரி திட்டி முடித்த பிறகு மனசு கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, "படிக்கும்போது எழுத்து உனக்கு எப்படித்தான் தெரியுது?" என்று கேட்டேன். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "முதல்ல ஒண்ணா இருக்கும்பா. அப்புறம் ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். இந்தக் கண்ணை மூடினா மறுபடி ஒண்ணாயிடும்."

"இதை ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தானேப்பா தெரியும்?"

அந்தப் பதிலுக்கு அப்புறம் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் பொய் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு இருப்பது அந்த இரண்டு கண்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு கண் அவளிடம் எங்கே இருக்கிறது? அதனால் உங்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: குழந்தை தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் கேளுங்கள். "கண்ணு நல்லா தெரியுதா?" என்று கேட்டால் தெரியுது என்றுதான் சொல்லும். எழுத்து அசைகிறதா, இரண்டாகிறதா, மங்குகிறதா, படித்த இடம் தொலைந்துபோகிறதா, எத்தனை நேரத்துக்குப் பிறகு அப்படி ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை குழந்தைகள் கண் மருத்துவரிடம், கண் அசைவுகளை அளக்க ஆர்த்தோப்டிஸ்ட் இருக்கும் இடமாகப் பார்த்துப் போனோம். அந்த ஆர்த்தோப்டிஸ்ட் பெண் ஒரு சின்னக் குச்சியின் நுனியில் ஒட்டியிருந்த எழுத்தைக் காட்டி, "இதையே பாரும்மா, ரெண்டாத் தெரிஞ்சா சொல்லு" என்று சொல்லி மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார். நான் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்மணிகளும் சேர்ந்து உள்ளே திரும்பிக்கொண்டே வந்தன. மூக்கிலிருந்து 18 சென்டிமீட்டரில் வலது கண் குச்சியிலேயே நின்றது, இடது கண் மட்டும் கைவிட்டதுபோல வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. "ரெண்டு" என்றாள் மகள். ஒரு நொடிதான், ஆனால் இரண்டு வருடம் நான் கையை எடு, கையை எடு என்று சொன்னது எந்தக் கண்ணைப் பற்றி என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. இந்த வயதுக் குழந்தைகளுக்குக் குச்சி மூக்கிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் வரை வந்தாலும் ஒன்றாகத்தான் தெரிய வேண்டுமாம்.

அதற்கப்புறம் ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார், ஒளியை வளைக்கும் பிரிசம் என்ற கண்ணாடித் துண்டை வைத்து அளந்தார், முப்பரிமாணப் படத்தைக் காட்டிக் கேட்டார். தூரத்தில் பார்க்கும்போது கண்கள் வெளிப்பக்கம் விலகும் போக்கு ஏறக்குறைய இல்லை, கிட்டத்தில் பார்க்கும்போது 10 பிரிசம் டயாப்டர், அந்த விலகலை அளக்கும் அலகு அது. பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலையும் அவளிடமே கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 0-இலிருந்து 4 வரை மதிப்பெண், மொத்தம் 60. குழந்தைகளுக்கு 16-ஓ அதற்கு மேலோ வந்தால் அறிகுறி இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு 31. கடைசியாகச் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் தசையைத் தளர்த்திப் பவரை அளந்தார்கள். இந்தக் கடைசிப் பரிசோதனையை நேரமாகிறது என்று யாரும் தவிர்க்க வேண்டாம். வெளியே தெரியாத பிளஸ் பவர் இருந்தால் அதுவே இதே தொல்லையைக் கொடுக்கும், அப்படியிருந்தால் முதலில் கண்ணாடிதான் போட வேண்டும். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

பிரச்சினையின் பெயர் கன்வெர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி, அதாவது கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்களும் ஒரே இடத்தில் குவிவதில் உள்ள குறை. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. புத்தகத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஒரே அளவுக்கு உள்ளே திரும்ப வேண்டும், அதே நேரம் உள்ளே இருக்கும் லென்ஸும் கிட்டப் பார்வைக்கு மாற வேண்டும். தசைக்கு வலு இல்லை என்பதல்ல விஷயம், இரண்டு கண்ணையும் ஒரே தாளத்தில் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைக்கும் கட்டளையில்தான் தடுமாற்றம். அந்த நிறுத்திவைக்கிற வேலைக்கே அவள் சக்தி முழுவதும் போய்விடுகிறது, படிப்பதற்கு என்ன மிஞ்சும்?

இது மாறுகண் இல்லை, ஒரு கண்ணின் பார்வை மட்டும் வளராமல் பின்தங்கிப்போகும் சோம்பல் கண்ணும் இல்லை. சொந்தக்காரர்களில் ஒருவர், தன் பையனுக்குப் பட்டை கட்டிச் சரியானது, நீயும் ஒரு கண்ணுக்குக் கட்டு என்றார். பட்டை சோம்பல் கண்ணுக்கான சிகிச்சை, அதற்குக்கூட எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டிய குழந்தைக்கு ஒரு கண்ணைக் கட்டி வைத்தால் என்ன பயன்? இன்னொருவர் பிரிசம் கண்ணாடி போட்டால் உடனே தீரும் என்றார். குழந்தைகளுக்கு அந்தக் கண்ணாடி, பிரிசம் இல்லாத போலிப் படிப்புக் கண்ணாடியைவிட மேலானதாக இல்லை என்று 2005-இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது என்று ஆர்த்தோப்டிஸ்ட் விளக்கினார். விட்டுவிட்டோம்.

இரண்டு கண்ணையும் சேர்ந்து குவியப் பழக்கும் பயிற்சிதான் இதற்குச் சிகிச்சை என்றார்கள். சரி, பயிற்சி எங்கே செய்வது? அந்த மருத்துவமனைக்கு முன்பே ஒரு பார்வைப் பயிற்சி மையத்துக்கும் போயிருந்தோம். நாற்பது அமர்வு என்றார்கள். கவனச் சிதறல் போகும், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு சரியாகும், மதிப்பெண் ஏறும், எழுத்து அழகாகும் என்று ஒரு பெரிய பட்டியல். "பயிற்சி பலிக்கிறதா என்று எதை வைத்து அளப்பீர்கள்?" என்று என் மனைவி கேட்டதற்கு, நீங்களே பார்ப்பீர்கள் என்றுதான் பதில் வந்தது. ஆர்த்தோப்டிஸ்ட் பேசியது வேறு மாதிரி இருந்தது. "ரெண்டாத் தெரியறதும் தலைவலியும் குறையும்னு நம்பிச் சொல்லலாம் சார். மார்க் ஏறும்னு நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வாரம் கழிச்சு இதே குச்சியை வெச்சு இதே இடத்துல அளப்போம்." எங்களுக்கு நம்பிக்கை வந்தது அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான்.

இருந்தாலும் நானும் உட்கார்ந்து தேடிப் படித்தேன். இந்தக் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் அரசு நிதியில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளியானது. 9 முதல் 17 வயது வரை 221 பிள்ளைகள், நான்கு குழுக்கள், பன்னிரண்டு வாரம். வாரம் ஒரு மணி நேரம் பயிற்சியாளரிடம் செய்து வீட்டிலும் தொடர்ந்த குழுவில் 73 சதவீதம் பேருக்கு முழுதாகச் சரியானது அல்லது நல்ல முன்னேற்றம். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். வீட்டில் கணினிப் பயிற்சியோடு பென்சிலும் செய்தவர்களில் 33 சதவீதம். பயிற்சி போலவே தோன்றும், ஆனால் பயிற்சி அல்லாத போலிப் பயிற்சி செய்த குழுவில் 35 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வாரா வாரம் அக்கறையாக உட்கார்ந்து கவனித்தாலே மூன்றில் ஒரு குழந்தைக்கு முன்னேற்றம் தெரிகிறது. அப்படியென்றால் "எங்களிடம் வந்த குழந்தைகள் எல்லாம் தேறிவிட்டார்கள்" என்று ஒரு மையம் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அளவு வேண்டும், ஒப்பீடு வேண்டும்.

இன்னொரு பக்கம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியும் கண் மருத்துவர் அமைப்புகளும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கை, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளுக்குக் கண் பயிற்சி மருந்தல்ல, அதற்கு ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. இரண்டும் முரண் மாதிரி தெரியும், முரண் இல்லை. கண் குவியாமல் எழுத்து இரட்டையாகத் தெரிவது கண்ணின் வேலை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பது மொழியின் வேலை. ஒரே குழந்தைக்கு இரண்டு தொல்லையும் இருக்கலாம், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போய்விடாது. இதை அன்றைக்கே நான் படித்தேன், ஆனால் மனசில் வாங்கவில்லை. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் அங்கே, ஐந்து நாள் பதினைந்து நிமிடம் வீட்டில். பன்னிரண்டு வாரம் என்று கேட்கும்போது சுலபமாகத் தோன்றியது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய முதல் பொருள் ஒரு வெள்ளைக் கயிறும் அதில் கோத்த மூன்று மணிகளும், சிவப்பு, மஞ்சள், பச்சை. பிராக் ஸ்ட்ரிங் என்பது அதன் பெயர், பிராக் என்ற ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வைப் பரிசோதகர், உருவாக்கியதாம். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, இன்னொரு முனையை மூக்கின் நுனியில் பிடித்துக்கொண்டு ஒரு மணியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் சரியாக மணியில் குவிந்தால் மணி ஒன்றாகவும் கயிறு இரண்டாகவும் தெரியும், இரண்டு கயிறும் மணியில் வந்து பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொள்ளும். கயிறு இரண்டாகத் தெரிவதுதான் சரி என்பதே எனக்கு வியப்பு. நானும் பிடித்துப் பார்த்தேன், ஒவ்வொரு கண்ணும் தன் இடத்திலிருந்து ஒரு கயிற்றைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

தூரத்துப் பச்சை மணியில் அவளுக்குக் குறுக்குக்கோடு உடனே வந்துவிட்டது. நடு மணியில் கொஞ்சம் தடுமாறி வந்தது. மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்த சிவப்பு மணியைப் பார்க்கச் சொன்னால், கயிறு மணியில் வெட்டாமல் அதற்கு அப்பால் எங்கேயோ போய் வெட்டுகிறது என்றாள். கண்கள் மணியைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு மணிக்கும் தாண்டிய இடத்தைப் பார்க்கின்றன என்று அதற்கு அர்த்தம். சில சமயம் ஒரு கயிறு காணாமலே போய்விடும். அது இன்னும் முக்கியமான அறிகுறி: இரண்டாகத் தெரியும் தொல்லை வேண்டாம் என்று மூளை ஒரு கண்ணின் படத்தையே ஒதுக்கிவிடுகிறது. அப்போது கண்ணைச் சிமிட்டச் சொல்வோம், கயிற்றை லேசாக ஆட்டிவிடுவோம், போன கயிறு திரும்பி வந்துவிடும்.

இங்கேதான் நான் செய்த தப்பு. முதல் இரண்டு வாரம், "பெருக்கல் குறி தெரியுதா? ஒண்ணாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியுது, தெரியுது என்றே சொன்னாள். அடுத்த வாரம் அங்கே அளந்தால் ஒரு மாற்றமும் இல்லை. பயிற்சியாளர் என்னைத் தனியாக அழைத்து, பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கொடுக்காதீர்கள் சார், அப்பாவைச் சந்தோஷப்படுத்த எந்தக் குழந்தையும் ஆமாம் என்றுதான் சொல்லும், "என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள், அவளையே வரைந்து காட்டச் சொல்லுங்கள் என்றார். அன்று ராத்திரி ஒரு நோட்டில் வரையச் சொன்னேன். மணிக்கு முன்னால் இரண்டு கோடு, மணிக்குப் பின்னால் ஒரே கோடு, அதுவும் பாதியில் நின்றுபோனது. இரண்டு வாரம் நான் ஆமாம் வாங்கிக்கொண்டிருந்தது இந்தப் படத்துக்குத்தான்.

அதற்கப்புறம் நான் உட்காரும் இடத்தையும் மாற்றினேன். பக்கத்தில் உட்காராமல் எதிரே, அவள் முகத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்தால் இரண்டு கண்மணியும் நன்றாகத் தெரியும். பென்சில் பயிற்சியில் இது ரொம்ப உதவியது, இடது கண் வழுக்கும் நொடி அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பென்சில் என்றால் பென்சிலின் முனையை அல்ல, அதில் ஒட்டிய சின்ன எழுத்தைப் பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாகவும் இருக்க வேண்டும், ஒன்றாகவும் இருக்க வேண்டும். வெறும் முனையைப் பார்த்தால் லென்ஸுக்குச் சரியான வேலை இல்லை, மங்கலாகவே பார்த்துவிட்டுப் போய்விடலாம். எழுத்து இரண்டானதும் உடனே பின்னால் இழுத்துவிடாமல், அங்கேயே நிறுத்தி "ஒண்ணாக்கப் பாரு" என்று சில நொடி முயல வைத்து, முடியாவிட்டால் மட்டும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய் மறுபடி கொண்டுவருவோம். நிறுத்திய இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து தேதியோடு எழுதுவோம்.

ஃபிளிப்பர் என்று ஒன்று கொடுத்தார்கள், ஒரு கைப்பிடியில் இந்தப் பக்கம் பிளஸ் 2 லென்ஸ் இரண்டு, அந்தப் பக்கம் மைனஸ் 2 லென்ஸ் இரண்டு. ஒன்றின் வழியாகப் பார்த்து எழுத்து தெளிந்ததும் புரட்டி அடுத்ததன் வழியாகப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நிமிடத்தில் இரண்டு சுற்றுதான் முடிந்தது, முடிவில் எட்டு. இது அவளுக்குப் பிடித்துப்போனது, கண்ணுக்கு முன்னால் எண்ணிக்கை ஏறுகிறதல்லவா. ஒரு அட்டை இருந்தது, சின்னதிலிருந்து பெரிதாக மூன்று பீப்பாய்கள், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை, அட்டையின் விளிம்பை மூக்கில் வைத்து ஒவ்வொரு பீப்பாயாகச் சிவப்பும் பச்சையும் கலந்து ஒன்றாகும்வரை பார்க்க வேண்டும். அதை அவள் வெறுத்தாள். கடைசிப் பீப்பாய் ஒன்றாகவே இல்லை, நாலாவது வாரம் அட்டையைத் தரையில் வீசி எறிந்துவிட்டு அழுதாள்.

அன்றைக்குத்தான் நேரத்தை மாற்றினோம். அதுவரை வீட்டுப்பாடம் முடிந்த பிறகு செய்துகொண்டிருந்தோம், அதாவது கண்ணில் இருந்த கடைசிச் சொட்டுச் சக்தியும் தீர்ந்த பிறகு. விளையாடிவிட்டு வந்து முகம் கழுவியதும் பயிற்சி, அப்புறம் ஓய்வு, அப்புறம்தான் புத்தகம் என்று மாற்றியதும் சண்டை பாதி குறைந்தது. பதினைந்து நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்யாமல் ஏழு, எட்டு என்று பிரித்தோம்.

அப்படியும் ஆறாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் விட்டுப்போனது. 11 சென்டிமீட்டர் வரை வந்திருந்த அளவு மறுபடி 14-க்குப் போய்விட்டது. நான் பதறிப்போய், விட்டதைப் பிடிக்கலாம் என்று இரண்டு நாள் நாற்பது நிமிடம் செய்ய வைத்தேன். இரண்டாவது நாள் தலைவலியில் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஆரம்பத்தில் கண் கொஞ்சம் இழுப்பது போல இருக்கும், அது சகஜம், ஆனால் வலிக்கும்வரை செய்யக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பதினைந்து என்றால் பதினைந்துதான், விட்ட நாள் விட்டதுதான். தினமும் செய்வதில்தான் கண் பழகுகிறது, ஒரே நாளில் அள்ளிக் கொட்டுவதில் இல்லை.

பள்ளியில் ஆசிரியரிடம் மருத்துவர் குறிப்பைக் காட்டிப் பேசினோம். நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை, அவர் பொறுமையாகக் கேட்டார். வரிக்குக் கீழே வைத்துக்கொள்ள ஒரு அட்டை, கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்ட பயிற்சித்தாள், கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்தில் பார்த்துக்கொள்ள அனுமதி. இதற்கெல்லாம் யாருக்கும் பெரிய செலவும் இல்லை. பயிற்சி பலிக்கும்வரை குழந்தை தாக்குப்பிடிக்க இவை வேண்டும், சிகிச்சை தொடங்கிய அன்றே கேட்டுவிடுங்கள்.

ஒன்பதாவது வாரம் ஒருநாள், தூங்குவதற்கு முன் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் வேறு வேலையாக உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கையும் புத்தகத்தில் இருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி கை கன்னத்துக்குப் போய்விடுமோ என்று ஒரு பயம். பன்னிரண்டாவது வாரம் அதே குச்சி, அதே இடம், 5 சென்டிமீட்டர். பதினைந்து கேள்விக்கு 12. தலைவலி வாரத்துக்கு ஒன்று என்றிருந்து, அப்புறம் மாதத்துக்கு ஒன்றுகூட இல்லாமல் போனது.

ஆனால் படிப்பு? வேகம் ஏறவில்லை. எழுத்துப்பிழை அப்படியே இருந்தது. இப்போது எழுத்து ஒன்றாகத் தெரிகிறது, நெடுநேரம் உட்கார முடிகிறது, ஆனால் புதிய சொல் வந்தால் முதலெழுத்தைப் பார்த்துவிட்டு ஊகித்துச் சொல்லும் பழக்கம் மாறவில்லை. கண் சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த கோட்டை இது. அந்த மையத்துப் பட்டியலை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டே உள்ளுக்குள் அதைத்தான் நம்பியிருக்கிறேன். 2008 ஆய்வைச் செய்த அதே குழுவினர் 2019-இல் இன்னொன்றை வெளியிட்டார்கள், 9 முதல் 14 வயது வரை 311 பிள்ளைகள், பதினாறு வாரம். நிஜப் பயிற்சி செய்தவர்களும் போலிப் பயிற்சி செய்தவர்களும் வாசித்துப் புரிந்துகொள்வதில் ஏறத்தாழ ஒரே அளவுதான் முன்னேறியிருந்தார்கள். கண்கள் குவியும் அளவுகளில் மட்டும் நிஜப் பயிற்சிக்கு வித்தியாசம் தெரிந்தது. எங்கள் வீட்டில் நடந்ததும் அச்சு அசல் அதேதான்.

வாசிப்புத் திறனைத் தனியாகச் சோதித்தோம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இணைப்பில் நிறைய இடைவெளி இருக்கிறது என்றார்கள். அதற்குத் தனி ஆசிரியர், வாரம் மூன்று நாள், ஒலியிலிருந்து சொல்லுக்குப் போகும் முறையான பாடம். அது மெதுவாகப் பலன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்றுவரை உறுத்துவது, கண் முதலில் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அந்தச் சோதனையை நாலு மாதம் தள்ளிப்போட்டதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கியிருக்கலாம், ஒன்றுக்கொன்று தடையே இல்லை. உங்கள் குழந்தைக்கும் வாசிப்பில் தடுமாற்றம் இருந்தால், கண் பயிற்சி நடக்கிறது என்பதற்காக வாசிப்பு உதவியை நிறுத்திவைக்காதீர்கள். கவனக் குறைவு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அதையும் அதற்கான மருத்துவரிடம் காட்டுங்கள், பயிற்சி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல, படிக்கும்போது மட்டும் வரும் இரட்டைப் பார்வையைப் பற்றி. திடீரென்று ஒருநாள் எல்லாமே இரண்டாகத் தெரிகிறது என்று குழந்தை சொன்னால், இமை ஒரு பக்கம் தொங்கினால், கண்பாவைகள் ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தால், தலைவலியோடு வாந்தி வந்தால், தலையில் அடிபட்ட பிறகு இப்படி ஆனால், பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டாகத் தெரியும்போது ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்குவதில் சிக்கல். ஒரு கண்ணை மூடியும் மற்றதில் இரண்டாகவே தெரிந்தால் அது அந்தக் கண்ணுக்குள்ளேயே உள்ள விஷயம், அதற்கு வேறு பரிசோதனை. எதுவானாலும் பார்த்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்து வாரம் ஒருநாள் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்து அளந்தபோது 6 சென்டிமீட்டர், அப்படியே இருக்கிறது, இனி வருடம் ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள்.

கயிறு இன்னும் கதவில்தான் தொங்குகிறது. போன வாரம் அவள் தம்பி அதை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்குக் கயிறு ரெண்டாத் தெரியுது, என் கண்ணும் கெட்டுப்போச்சா?" என்று அழப் போகிற முகத்தோடு வந்து நின்றான். அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் எதிரே, அவன் முகத்துக்குக் கீழே வரும்படி தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு தெரிஞ்சா தப்பில்லைடா. அந்தச் சிவப்பு மணியைப் பாரு. இப்போ என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லு" என்றாள்.